அவைக்குறிப்பில் இரு கையொப்பங்கள்
இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்திற்கு 1832ஆம் ஆண்டு போட்டியிட்டுத் தோற்றபோது ஆபிரகாம் லிங்கனுக்கு வயது 23. 1834இல் வென்ற அவர், அடுத்தடுத்து நான்கு முறை உறுப்பினரானார். இரவல் நூல்களால் சட்டம் பயின்று 1836இல் வழக்குரைஞராகவும் தகுதிபெற்றார்.

1837 சனவரியில் அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டிக்கும் தீர்மானம் பேரவையில் நிறைவேறியது. ஆதரித்தோர் 77 பேர், எதிர்த்தோர் அறுவர். அவ்வறுவருள் லிங்கனும் ஒருவர். அவர் அத்துடன் அமையவில்லை. உடனடி ஒழிப்பை அன்று அவர் வற்புறுத்தவில்லை எனினும், அடிமைமுறை அநீதியில் வேரூன்றியது என்னும் மறுப்புரையை மார்ச்சு 3ஆம் நாள் அவைக்குறிப்பில் பதிவுசெய்தார். உடன் கையொப்பமிட்டவர் டான் ஸ்டோன் ஒருவரே.

26 ஆண்டுகள் கழிந்தன. 1863 சனவரி முதல் நாள், குடியரசுத்தலைவர் லிங்கன், கிளர்ச்சி செய்த மாநிலங்களின் அடிமைகளை விடுவிக்கும் அறிவிப்பில் கையொப்பமிட்டார். துணையின்றி நின்ற கொள்கை நாட்டின் ஆணையாயிற்று.