ஒலிம்பிக் மாரத்தானை முடித்த முதல் இந்தியர்: யார் இந்த ஃபடேப்பா சௌகுலே?

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நண்பர்களோடு மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய பெயர், ஃபடேப்பா சௌகுலே. பெல்காம்காரர்.

1919-ல் புனேவில் வெறுங்காலோடு ஓடியவர்களின் வேகத்தைப் பார்த்து அசந்துபோனார் தொழிலதிபர் தோராப்ஜி டாடா. இவங்களை ஏன் ஒலிம்பிக்குக்கு அனுப்பக் கூடாதுன்னு யோசித்தவர், பணமும் கொடுத்தார். 4 ஓட்டக்காரர்கள், 2 மல்யுத்த வீரர்கள் கப்பலேறினார்கள். இங்கிலாந்தில் பயிற்சி, பிறகு 1920-ல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப். இந்தியாவின் முதல் ஒலிம்பிக் அணி இதுதான்.

மாரத்தான் தூரம் 42.75 கி.மீ. ஏறக்குறைய மதுரையிலிருந்து திருமங்கலம் போய்த் திரும்புற தூரம். சக வீரர் சதாசிவ் தாதரால் ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. சௌகுலே 2 மணி 50 நிமிடங்களில் 19-வதாக வந்தார். பதக்கம் கிடைக்கலதான். ஆனா, இந்திய மாரத்தான் கணக்கு அவர்கிட்டதான் தொடங்குது.