காலங்களை வகுத்த கணிதர்

முடிவிலியைக் குறிக்க, படுத்துக் கிடக்கும் எட்டினைப் போன்ற குறியொன்றை அறிவியல் மாணவர் நாள்தோறும் எழுதுகிறோம். 1655-இல் அக்குறியைப் புகுத்திய ஜான் வாலிஸே ஆங்கில வினைச்சொல்லின் காலங்களையும் ஆராய்ந்தவர் என்பதை நம்மில் பலர் அறியார். கணிதக் குறிகளோடு காலங்கழிக்கும் எனக்கு, அவருடைய இலக்கணமே மிகுந்த வியப்பைத் தருகிறது.

இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் ஆஷ்ஃபோர்டு என்னும் ஊரில், 1616-இல் பாதிரியார் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார் வாலிஸ். கேம்பிரிட்ஜில் பயின்று சமயப் பணி ஏற்றார். உள்நாட்டுப் போரில் அரசர் பக்கத்தாரின் மறைகுறிக் கடிதங்களைப் படித்துக் காட்டிப் பாராளுமன்றத்தாரின் மதிப்பைப் பெற்றார். 1649-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியராகி, 1703-இல் மறையும்வரை 54 ஆண்டுகள் அப்பதவியில் விளங்கினார்.

அவருடைய ஆங்கில இலக்கணம் 1653-இல் வெளிவந்தது. பிறநாட்டாரும் கற்கவேண்டி அதை இலத்தீனில் எழுதினார். ஆயினும் ஆங்கிலத்தை இலத்தீன் அச்சில் வார்க்க அவர் உடன்படவில்லை. ஆங்கில வினை தன் உருவால் காட்டும் காலங்கள் இரண்டே: ரைட் என்பது நிகழ்வு, ரோட் என்பது இறப்பு. பிறவெல்லாம் ஹாவ், ஷால், வில் முதலிய துணைவினைகளால் அமைவன என்று கண்டார்.

நாம் பள்ளியில் உருப்போட்ட விதியும் அந்நூலில் உண்டு. தன்மையில் ஷால் வெறும் எதிர்காலம். வில் வாக்குறுதி அல்லது அச்சுறுத்தல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாகும். இன்றோ எல்லா இடங்களிலும் வில் வழங்குவதே பெரும்பான்மை.

பேச்சொலிகள் பிறக்கும் முறையையும் அந்நூலில் ஆராய்ந்தார். அவ்வறிவைக் கொண்டே செவிப்புலன் இழந்த இளைஞர் ஒருவருக்குப் பேசக் கற்பித்து, 1662-இல் ராயல் சொசைட்டியார் முன் நிறுத்தினார்.

தாயகம் விட்டு வந்து, தேர்வும் ஆய்வேடும் ஆங்கிலத்தில் எழுதும் நமக்கு இவ்வாழ்வில் பாடம் உண்டு. நாள்தோறும் படிப்பேன் என்னும்போது தமிழின் எதிர்கால உரு வழக்கத்தைக் காட்டுகிறது. அதை அப்படியே பெயர்த்து வில் சேர்ப்பார் நம்மவருள் உளர். ஆங்கிலமோ வழக்கத்தை நிகழ்கால உருவால் சொல்லும். இது அறிவுக்குறை அன்று. ஒரு மொழியை இன்னொன்றின் அச்சில் வார்ப்பதன் விளைவு. நாணி ஒதுங்க வேண்டா, நண்பர்களே! ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே பயில்வோம். தமிழைத் தமிழாகவே பேணுவோம்.