கிளாரா ஷூமன்: மேடையை விடவில்லை... இசையமைப்பதை மட்டும் ஏன் விட்டார்?

யூரோ வருவதற்கு முன்பு ஜெர்மனியில் புழங்கிய 100 மார்க் நோட்டில், முன்பக்கம் ஒரு பெண்ணின் முகம், பின்பக்கம் ஒரு பியானோ இருக்கும். அந்தப் பெண் கிளாரா ஷூமன். 19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவின் முன்னணி பியானோ கலைஞர். பலருக்கு அவரை இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் மனைவியாகத்தான் தெரியும். ஆனா, கிளாராவும் இசையமைப்பாளர்தான். 34 வயதில் அதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். என்ன நடந்தது?

அப்பா போட்ட பாதை

1819 செப்டம்பர் 13-ல் லைப்சிக் நகரில் பிறந்தார். அப்பா ஃபிரெட்ரிக் வீக் பியானோ ஆசிரியர். ரொம்பக் கண்டிப்பானவர். கிளாராவுக்கு 5 வயதானபோது பெற்றோர் பிரிந்துவிட, அப்பாவிடமே வளர்ந்தார். மகளின் டைரியைக்கூட, அவள் எழுதுவது போல அப்பாவே எழுதினார்!

9 வயதில் லைப்சிக்கின் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் முதல் மேடை. 16 வயதில் அதே அரங்கில், பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாகத் தானே எழுதிய கான்செர்ட்டோவை வாசித்தார். ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் மெண்டல்சன்.

கோர்ட் வரை போன காதல்

அப்பாவிடம் பியானோ கற்க வந்து, அவர்கள் வீட்டிலேயே தங்கியவர் ராபர்ட். காதலுக்கு அப்பா ஒத்துக்கவே இல்லை. விஷயம் நீதிமன்றம் போனது. தீர்ப்பு ஜோடிக்குச் சாதகமாக வர, 1840 செப்டம்பர் 12-ல் திருமணம் நடந்தது. மறுநாள் கிளாராவுக்கு 21 வயது.

ஒரு வீடு, இரண்டு பியானோ

திருமணத்துக்குப் பிறகு 14 ஆண்டுகளில் 8 குழந்தைகள். ஒரு மகன் கைக்குழந்தையாகவே இறந்துபோனான். இதற்கு நடுவே இன்னொரு சிக்கலும் இருந்தது. ராபர்ட் இசையமைக்கும்போது வீட்டில் சத்தம் கூடாது. அதனால் கிளாரா பியானோவைத் தொட முடியாது. அப்படியும் 1846-ல், இன்று அவருடைய சிறந்த படைப்பாகப் பலர் சொல்லும் பியானோ ட்ரியோவை எழுதினார்.

டுசல்டார்ஃப் நகரில் குடியேறிய பிறகு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வாசிக்கத் தனி இடம் கிடைத்தது. பலன் உடனே தெரிந்தது. 1853 கோடையில் வரிசையாகப் பல படைப்புகளை எழுதித் தள்ளினார்.

எல்லாம் மாறிய 1854

பிப்ரவரி 1854. மனநலம் பாதிக்கப்பட்டிருந்த ராபர்ட் ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றி, பான் அருகே எண்டெனிச் மனநல விடுதியில் சேர்த்தார்கள். அப்போது கிளாரா கர்ப்பமாக இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கணவரைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் பார்த்தபோது, ராபர்ட்டின் மரணத்துக்கு இரண்டே நாள்தான் மிச்சம். 1856 ஜூலை 29-ல் அவர் இறந்தார்.

இப்போது 7 குழந்தைகள், சம்பாதிக்க ஒரே ஆள். இசையமைப்பதில் பெரிய வருமானம் இல்லை. கச்சேரியில்தான் காசு. குழந்தைகளை உறவினர் வீடுகளிலும் விடுதிப் பள்ளிகளிலும் விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போனார். இளம் இசைக்கலைஞர் பிராம்ஸ் வீட்டைப் பார்த்துக்கொண்டு உதவினார்.

பணம் மட்டும்தான் காரணமா? இல்லை. பெண்ணால் இசையமைக்க முடியுமா என்ற சந்தேகம், அந்தக் காலத்துப் பலரைப் போலவே, இளவயதிலிருந்து அவருக்கும் இருந்தது. எழுத ஊக்கப்படுத்திய ராபர்ட்டும் இப்போது இல்லை.

விட்டுச் சென்றது

மேடையில் மட்டும் குறையே வைக்கவில்லை. ராபர்ட், பிராம்ஸ் படைப்புகளை ஐரோப்பா முழுக்கக் கொண்டு சேர்த்தார். நோட்ஸ் பார்க்காமல் மனப்பாடமாக வாசிப்பது இன்று பியானோ கச்சேரிகளில் சாதாரணம். அதை மேடையில் தொடங்கிவைத்தவர்களில் இவரும் ஒருவர். 1878-ல் ஃபிராங்பர்ட்டின் ஹோக் கன்சர்வேட்டரியில் பியானோ பேராசிரியர் ஆனார். கணவரின் மொத்தப் படைப்புகளையும் தொகுத்து வெளியிட்டார்.

நான்கு பிள்ளைகளின் மரணத்தைப் பார்த்தவர், 71 வயது வரை மேடையேறினார். 1896 மே 20-ல் காலமானார்.

அவருடைய சொந்தப் படைப்புகள் நீண்ட காலம் மறக்கப்பட்டே கிடந்தன. 20-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மீண்டும் மேடை ஏறின. கேட்டுப் பார்க்க நினைத்தால், அந்த பியானோ ட்ரியோவில் இருந்து தொடங்கலாம். அரை மணி நேரம்கூட ஆகாது.