சவுதார் குளமும் பத்து ஆண்டு வழக்கும்

நம் ஊர்களில் அடி வாங்கியவர்களில் பலர் காவல் நிலையப் படி ஏறுவதில்லை. ஏறினாலும், வழக்கு இழுத்துக்கொண்டே போனால் மனம் சலித்து சமரசத்துக்கு இறங்கிவிடுகிறோம். அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை இந்தக் கோணத்தில் ஒருமுறை படிப்போம். அவரும் அவமானப்பட்டார், விரட்டப்பட்டார், அவர் மீதே வழக்கும் போடப்பட்டது. அதையெல்லாம் அவர் எப்படி எதிர்கொண்டார் என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர் அம்பேத்கர். பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்தார். அதற்குக் கைமாறாக அரசுப் பணி செய்ய 1917-ல் பரோடா சென்றார். தங்க இடம் தர யாரும் இல்லை. சாதியை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். 11-வது நாள் காலையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொன்னது. அன்று மாலைக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. வெளிநாட்டுப் பட்டம் பெற்றவர், அரசு அதிகாரி. ஆனாலும் அந்த அவமானத்துக்கு நியாயம் கேட்டுப் போக அவருக்கு ஓர் இடம்கூட இல்லை.

பிறகு சட்டம் படித்து, 1923-ல் பாரிஸ்டராகப் பம்பாய் திரும்பினார். அதே ஆண்டு பம்பாய் சட்டமன்றம், பொதுக் குளம், கிணறு, பள்ளி எல்லாவற்றையும் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானத்தை நிறைவேற்றியது. மகாத் நகராட்சியும் 1924-ல் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. குளத்தில் இறங்க யாருக்கும் துணிவு வரவில்லை.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகச் சென்று அந்தக் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். சற்று நேரத்தில், அவர்கள் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று ஊரில் வதந்தி கிளப்பப்பட்டது. மாநாட்டுப் பந்தலுக்குள் தடியோடு கும்பல் புகுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களும் அடிபட்டார்கள். பக்கத்துக் கிராமங்களிலும் தாக்குதல் நடந்தது.

நம்மவர்களிலும் திருப்பி அடிக்கத் துடித்தவர்கள் இருந்தார்கள். அம்பேத்கர் ஒரு சொல் சொல்லியிருந்தால் மகாத் தெருக்களில் ரத்தம் ஓடியிருக்கும். அவர் அவர்களைத் தடுத்தார். காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கவும், நடந்தது காவல் துறையில் பதிவாகவும் வழி பார்த்தார். சில மாதங்களில் தாக்கியவர்களில் ஐந்து பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. திருப்பி அடித்திருந்தால் இரு தரப்பு மோதல் என்று வழக்கே நீர்த்துப் போயிருக்கும்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. குளத்தைத் தீட்டுக் கழித்தார்கள். நகராட்சி தன் பழைய தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் மீண்டும் சத்தியாகிரகம் என்று அறிவித்ததும், குளம் தங்கள் தனிச் சொத்து என்று கூறி, அம்பேத்கர் மீதும் அவருடைய தோழர்கள் மீதும் உரிமையியல் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கினார்கள். பாதிக்கப்பட்டவரே பிரதிவாதியாகக் கூண்டில் நின்றார். இன்றும் நாம் புகார் கொடுத்தால் நம் மீதே எதிர்ப் புகார் வருகிறதே, அதுபோலத்தான்.

கூடியிருந்த மக்கள் தடையை மீறலாம் என்றார்கள். அம்பேத்கர் சத்தியாகிரகத்தைத் தள்ளிவைத்தார். வழக்கை நீதிமன்றத்திலேயே வெல்வது என்று முடிவெடுத்தார். அதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின. 1931-ல் மகாத் நீதிமன்றத்தில் வெற்றி. எதிர்த்தரப்பு தாணேயில் மேல்முறையீடு செய்து 1933-ல் தோற்றது. பிறகு பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. 1937 மார்ச் 17 அன்று அங்கும் தோற்றது. குளம் நகராட்சியின் சொத்து, தீண்டப்படாதோரை விலக்கிவைத்தது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். ஊர் வழக்கம் என்று வாயால் சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கேட்ட இடத்தில்தான் எதிர்த்தரப்பு சறுக்கியது.

ஆனால் சிறைத் தண்டனையும் தீர்ப்பும் கிடைத்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அடிபட்டவரின் கூலி போனதற்கும், நிலத்திலிருந்து விரட்டப்பட்டவரின் பிழைப்பு போனதற்கும் யார் பொறுப்பு? உரிமை கேட்டால் வேலை தராமல், கடையில் பொருள் தராமல் ஊரே ஒதுக்கிவைப்பதை அம்பேத்கர் நேரில் கண்டிருந்தார். அதனால்தான் லண்டன் வட்டமேசை மாநாட்டில், நம் செங்கல்பட்டுச் சீமையின் இரட்டைமலை சீனிவாசனும் அவரும் சேர்ந்து கொடுத்த கோரிக்கை மனுவில், சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார். அவர் காலத்தில் விடை கிடைக்காத அந்தக் கேள்விக்கு 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1995-ம் ஆண்டு விதிகளும் ஓரளவு விடை தந்தன. 2016-ல் திருத்தப்பட்ட மத்திய அரசு விதிகளின்படி, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து ரூ.85 ஆயிரம் முதல் ரூ.8.25 லட்சம் வரை நிவாரணம் உண்டு. முழுத் தொகைக்கும் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை பதிவானதும் ஒரு பகுதி, குற்றப்பத்திரிகை தாக்கலானதும் ஒரு பகுதி என்று தவணையாகத் தர வேண்டும். டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். கடமையை வேண்டுமென்றே தவறும் அரசு ஊழியருக்கும் அதே சட்டத்தில் தண்டனை இருக்கிறது.

இந்தப் பணம் யாரும் போடும் பிச்சை அல்ல, நமக்குச் சேர வேண்டியது. அதைப் பெற எழுத்துப்பூர்வமான புகார், முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவமனைச் சீட்டு, சாதிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருப்போம். இடையில் சமரசம் பேச வருபவர்களிடம், ஒரு குளத்துத் தண்ணீருக்காகப் பத்து ஆண்டுகள் வழக்காடிய மனிதரின் வழியில் வந்தவர்கள் நாம் என்று சொல்வோம்.