காசு வேண்டாம் என்ற விஞ்ஞானி

கீழ்பென்னாத்தூரில் மாடிகளின்மேல் டெலிவிஷன் டிஷ் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். தட்டுக்கு எதிரே ஒரு சிறு பெட்டி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாய் புனல் மாதிரி இருக்கும். சுமார் 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் அனுப்பும் அலைகளை வாங்குவது அந்தப் புனல்தான். அலை ஒன்றின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்.

இதே போன்ற குட்டை அலைகளை உண்டாக்கி, புனல் வைத்துப் பிடித்தவர் ஒரு வங்காளி. அதுவும் ஏறக்குறைய 130 வருஷங்களுக்கு முன்பு! அவர்தான் ஜகதீச சந்திர போஸ்.

போஸ் 1858-ல் பிறந்தார். தகப்பனார் பெரிய சர்க்கார் உத்தியோகஸ்தர். ஆனாலும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினார். மீனவர் வீட்டுப் பையனும் அங்கே போஸுக்குத் தோழன்.

சீமையில் படித்துத் திரும்பிய போஸ், 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு. போஸ் கூச்சல் போடவில்லை. மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார்! கடைசியில் பாக்கியோடு முழுச் சம்பளமும் வந்தது.

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் கூட்டம் திகைத்துப் போயிற்று. கம்பியே இல்லாமல், சுவரைத் தாண்டி அலையை அனுப்பி, மணியை அடிக்க வைத்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார்.

1901-ல் லண்டனில் ஒரு கம்பெனி முதலாளி அவரைத் தேடி வந்தார். கருவிக்குப் பேடண்ட் எடுத்தால் லாபத்தில் பாதி போஸுக்கு என்றார். பேடண்ட் என்றால் காப்புரிமை. உரியவர் அனுமதியில்லாமல், குறித்த காலம்வரை வேறு யாரும் அந்தப் பொருளைச் செய்து விற்க முடியாது. போஸ் மறுத்துவிட்டார். அறிவை விலை பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை.

சிநேகிதர்கள் விடவில்லை. சாரா புல் என்ற அமெரிக்க அம்மாளின் வற்புறுத்தலால் விண்ணப்பம் போயிற்று. 1904 மார்ச் 29-ல் அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. பாதி உரிமை அந்த அம்மாளுக்கு. போஸ் அதை வைத்து வியாபாரம் செய்ய முயலவே இல்லை. இத்தாலியரான மார்க்கோனியோ கம்பெனி வைத்து, காப்புரிமைகள் வாங்கிப் பெரும் பணக்காரரானார். 1909-ல் நோபல் பரிசும் பெற்றார். நம் மனசு கேட்கத்தான் இல்லை!

இன்று ஆகாயமே பெரிய வியாபாரம். 2022 ஜூனில் ஏவப்பட்ட நமது ஜிசாட்-24 செயற்கைக்கோள் முழுவதையும் ஒரே டெலிவிஷன் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. 1967 உடன்படிக்கைப்படி விண்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தமல்ல. ஆனால் அங்கே போகும் கருவிக்குக் காப்புரிமை வாங்கலாம். நம் நாட்டில் அதன் ஆயுள் 20 வருஷம்.

போஸ் 1917-ல் கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். அங்கே கண்டுபிடிப்பது எதற்கும் காப்புரிமை எடுப்பதில்லை என்று திறப்பு விழாவிலேயே அறிவித்தார். 1937 நவம்பர் 23-ல் காலமானார். 79 வயது நிறைய ஒரு வாரமே பாக்கி இருந்தது.