எல்லையைக் காத்த அமைச்சரும் கழுவப்பட்ட சிலையும்

திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்துக் கீரனூரிலும் அதைச் சுற்றியுள்ள சேரிகளிலும், ராணுவ ஆள்சேர்ப்பை மனத்தில் வைத்து விடியுமுன் ஓடிப் பழகும் இளைஞர்களை நாம் அறிவோம். 1971ஆம் ஆண்டுப் போரைப் பற்றிக் கேட்டால் இந்திரா காந்தியின் பெயரையும் தளபதி மானெக்சாவின் பெயரையும் அவர்கள் தயங்காமல் சொல்வார்கள். அன்று பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் யார் என்ற கேள்விக்குத்தான் பெரும்பாலும் விடை வருவதில்லை. பாபு ஜெகஜீவன் ராம் என்ற அந்தப் பெயர் நம் பாடநூல்களின் ஓரத்தில்கூட அழுத்தமாகப் பதியவில்லை.

1908 ஏப்ரல் 5 அன்று பீகாரின் ஆரா நகரை அடுத்த சந்த்வா சிற்றூரில், சமார் சமூகத்தில் அவர் பிறந்தார். தந்தை சோபி ராம் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் பணியாற்றி விலகியவர். அம்பேத்கரைப் போலவே இவரும் ஒரு படைவீரரின் மகன் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆரா பள்ளியில் தீண்டப்படாத மாணவர்களுக்கெனத் தனிக் குடிநீர்ப் பானை வைக்கப்பட்டபோது, சிறுவனாக இருந்த அவர் அதை உடைத்தார். மீண்டும் வைத்தார்கள், மீண்டும் உடைத்தார். இறுதியில் நிர்வாகம் தனிப்பானையைக் கைவிட்டது. பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கச் சென்றார். அங்கே உணவு விடுதியிலும் முடிதிருத்துவோரிடமும் சாதி குறுக்கே நின்றது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1931இல் பட்டம் பெற்றார். 1946இல் அமைந்த இடைக்கால அரசில் தொழிலாளர் துறை அமைச்சரானபோது அவருக்கு வயது 38. அதன்பின் தகவல் தொடர்பு, ரயில்வே, வேளாண்மை எனப் பல துறைகளை ஏற்றார். 1963இல் காமராசர் திட்டத்தின்படிப் பதவி விலகிய அமைச்சர்களுள் அவரும் ஒருவர்.

1970 சூனில் பாதுகாப்புத் துறை அவரிடம் வந்தது. அந்தத் துறையின் வேலை என்ன என்பதை நாம் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. போர்க்களத்தில் படையை நடத்துவது தளபதிகளின் பணி. எந்த நோக்கத்துக்காகப் போரிடுவது, எந்த அளவில் நிறுத்துவது, எவ்வளவு செலவிடுவது என்பவற்றை முடிவு செய்வது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் பொறுப்பு. ஆயுத உற்பத்தி, ஆராய்ச்சி, வீரர்களின் ஊதியம், ஓய்வூதியம், நாடாளுமன்றத்துக்குக் கணக்குக் கொடுத்தல் ஆகியவையும் அமைச்சகத்தைச் சேர்ந்தவையே. சீனப் போரின் தோல்விக்குப் பிறகு, 1962இல் பாதுகாப்பு உற்பத்திக்கெனத் தனித்துறை உருவானது. நம் ஆவடியில் விஜயந்தா டாங்கிகள் உருவானதும் அந்தத் தற்சார்பு முயற்சியின் பகுதிதான். ஜெகஜீவன் ராம் பொறுப்பேற்ற 1970இல் ஐதராபாத்தில் ஏவுகணை உற்பத்திக்காக பாரத் டைனமிக்ஸ் நிறுவப்பட்டது. மும்பையில் கட்டப்பட்ட நீலகிரி போர்க்கப்பல் 1972இல் கடற்படையில் சேர்ந்தது.

1971 மார்ச்சில் கிழக்கு வங்கத்தில் பாகிஸ்தான் ராணுவம் தொடங்கிய ஒடுக்குமுறையால் சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். உடனே படையெடுக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. மழைக்காலம் கழியும்வரை ஆயத்தத்துக்கு அவகாசம் வேண்டும் என்ற தளபதிகளின் கருத்தை அரசு ஏற்றது. ஆகஸ்ட் 9 அன்று சோவியத் ஒன்றியத்துடன் நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தானது. டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் தாக்கியதும் முழுப்போர் தொடங்கியது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. சுமார் 93,000 பேர் சிறைப்பிடிக்கப்பட்டனர். மறுநாளே மேற்கு முனையிலும் இந்தியா போரை நிறுத்தியது. இலக்கை வரையறுத்துக்கொண்டு, அது நிறைவேறியதும் நிறுத்தத் தெரிவதே பாதுகாப்புக் கொள்கையின் முதிர்ச்சி. முப்படைக்கும் அமைச்சரவைக்கும் இடையே நின்று அந்தப் பொறுப்பைச் சுமந்தவர் ஒரு தலித் அமைச்சர்.

ஆனால் நாட்டைக் காக்கும் படையில் யாருக்கு இடம் என்ற கேள்வி அவருக்கு முன்பே இருந்தது. அவருக்குப் பின்னும் தீரவில்லை. பிரிட்டிஷாரின் சென்னைப் படையிலும் அதன் பொறியியல் பிரிவிலும் பறையர்கள் பெருமளவில் பணியாற்றினர். போர்க்குணம் சில இனங்களுக்கே உரியது என்ற கோட்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓங்கியபோது, அவர்களுக்கும் மகர்களுக்கும் கதவுகள் அடைக்கப்பட்டன. அம்பேத்கரின் இடைவிடாத முயற்சியும் உலகப் போரின் தேவையும் சேர்ந்து 1941இல் மகர் படைப்பிரிவைக் கொண்டுவந்தன. 1943இல் உருவான சமார் படைப்பிரிவோ 1946இல் கலைக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு, புதிதாகச் சாதிப் படைப்பிரிவுகளை உருவாக்குவதில்லை என்பது அரசின் கொள்கையாயிற்று. ராஜபுத்திரர், ஜாட் போன்ற பழைய பெயர்களோ அப்படியே நீடிக்கின்றன. அமைச்சகத்தின் குடிமைப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு உண்டு; முப்படை வீரர் சேர்ப்பில் இல்லை. இரண்டு முறை அத்துறைக்குத் தலைமை தாங்கிய ஜெகஜீவன் ராமின் காலத்திலும் இந்த நிலை மாறவில்லை. இதைச் சொல்லாமல் அவரைப் போற்றுவது நேர்மையாகாது. 1975இல் நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கோரும் தீர்மானத்தை மக்களவையில் முன்வைத்தவர் அவர் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது.

1977 பிப்ரவரியில் அவர் காங்கிரசை விட்டு வெளியேறினார். அது நெருக்கடி நிலை அரசின் வீழ்ச்சியை விரைவுபடுத்தியது. பிரதமர் பதவிக்கு அவர் பெயர் பேசப்பட்டபோதும், பதவி மொரார்ஜி தேசாய்க்கே சென்றது. மீண்டும் பாதுகாப்புத் துறையே அவருக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில்தான், 1978இல், கடலோரக் காவல்படைக்கான சட்டம் நிறைவேறியது. கடத்தலைத் தடுப்பதோடு, கடலில் தத்தளிக்கும் மீனவரைக் காப்பதையும் அச்சட்டம் அப்படையின் கடமையாக்கியது.

அதே 1978இல், தாம் மாணவராக அவமதிக்கப்பட்ட அதே வாரணாசிக்கு அவர் சென்றார். உத்தரப்பிரதேச முன்னாள் முதல்வர் சம்பூர்ணானந்தின் சிலையைத் திறந்துவைத்துத் திரும்பினார். அவர் கைபட்டதால் சிலை தீட்டாகிவிட்டதென்று ஆதிக்கச் சாதியினர் கங்கை நீரால் அதைக் கழுவினர். நாட்டின் முப்படைகளும் அன்று அவர் பொறுப்பில் இருந்தன. டாக்காவின் வெற்றிகூட அந்தக் கையைத் தீண்டத்தக்கதாக ஆக்கவில்லை. பள்ளியில் உடைத்த பானை ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கங்கை நீர்க் குடமாக அவர்முன் வந்து நின்றது.

1979இல் துணைப் பிரதமராகவும் ஆனார். பிரதமர் பதவி கடைசிவரை எட்டவில்லை. 1986 சூலை 6 அன்று மறையும்வரை நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்தார்.

எல்லை என்பது நிலத்தில் மட்டும் வரையப்பட்ட கோடு அன்று. ஊருக்கும் சேரிக்கும் நடுவிலும் ஒன்று கிடக்கிறது. முதல் எல்லையைக் காக்கத் துறையும் நிதியும் படையும் உள்ளன. இரண்டாவதை அழிக்கும் பொறுப்பை அரசமைப்பின் 17ஆம் பிரிவு முழு அரசுக்கும் அளித்துள்ளது. கீரனூரிலிருந்து ஆள்சேர்ப்பு முகாமுக்குப் புறப்படும் இளைஞர், அவர் காக்கப்போகும் நாடு தமக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதையும் அறிந்து செல்லட்டும். படையில் யார் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த நிலைவரை உயர்கிறார்கள் என்று அரசிடம் கேட்பது நாட்டுப்பற்றுக்கு எதிரானதன்று. பானையை உடைத்த சிறுவன் நமக்கு விட்டுச்சென்ற வேலை அது.