பயில்வான் டைரக்டர் ஆனார்!
ராஜா சாண்டோவின் வாழ்க்கை

புதுக்கோட்டையில் பிறந்தவர் பி. கே. நாகலிங்கம். தேகப்பயிற்சியில் பேர் எடுத்தவர். அந்த நாளில் யூஜின் சாண்டோ என்ற ஜெர்மன் நாட்டுப் பயில்வான் உலகமெங்கும் புகழ் பெற்றிருந்தார். அதனால் பலசாலிகளுக்கு ‘சாண்டோ’ என்ற பட்டம் கிடைத்தது. நாகலிங்கமும் ‘ராஜா சாண்டோ’ ஆனார்.

பம்பாய்க்குப் போனார்

அது ஊமைப்பட காலம். நடிகர்களுக்கு வசனம் கிடையாது. கட்டான உடம்பு இருந்தால் போதும், சண்டைப் படங்களில் இடம் கிடைக்கும். ராஜா சாண்டோ பம்பாய் சென்று, 1923-ல் ‘வீர பீம்சேன்’ படத்தில் நடித்தார்.

ஆனால் அவர் உடல் பலத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை. 1926-ல் ‘டைப்பிஸ்ட் கேர்ள்’, 1927-ல் ‘குணசுந்தரி’ ஆகிய சமூகப் படங்களில் நடித்தார். சாதாரணக் குடும்பத்தின் சுகதுக்கங்களையும் ஜனங்கள் விரும்பிப் பார்ப்பார்கள் என்பதை அங்கே கண்டார்.

சென்னைக்குத் திரும்பினார்

சென்னையில் ஆர். பத்மநாபனின் படக் கம்பெனியில் டைரக்டர் ஆனார். 1930-ல் ‘பேயும் பெண்ணும்’, ‘நந்தனார்’ படங்களை எடுத்தார். வை. மு. கோதைநாயகி அம்மாளின் நாவலை 1931-ல் ‘அனாதைப் பெண்’ என்ற படமாக்கினார்.

அதே ஆண்டில் முதல் தமிழ்ப் பேசும் படம் வந்தது. ஊமைப்பட நடிகர் பலருக்குப் பிழைப்புப் போயிற்று. ராஜா சாண்டோ அசரவில்லை. பேசும் படத் தொழிலையும் கற்றுக்கொண்டார்.

புராணக் கதைகளே ஓடிக்கொண்டிருந்த 1935-ல், வடுவூர் துரைசாமி அய்யங்காரின் ‘மேனகா’ நாவலைப் படமாக்கினார். புகுந்த வீட்டில் ஒரு பெண் படும் துன்பமே கதை. டி. கே. எஸ். சகோதரர்களும் என். எஸ். கிருஷ்ணனும் அதில் நடித்தார்கள். 1936-ல் ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘சந்திரகாந்தா’ நாவலும் படமாயிற்று. அதில் பி. யு. சின்னப்பா நடித்தார். 1939-ல் தியாகராஜ பாகவதரை வைத்து ‘திருநீலகண்டர்’ என்ற பக்திப் படம் எடுத்தார்.

கடைசி நாட்கள்

‘சிவகவி’ படத்தையும் அவரே தொடங்கினார். இடையில் கருத்து வேற்றுமை உண்டாகி விலகிக்கொண்டார். படத்தை ஸ்ரீராமுலு நாயுடு முடித்தார். அது 1943-ல் வெளிவந்தது. அதே ஆண்டு கோயம்புத்தூரில் ராஜா சாண்டோ காலமானார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அவர் சென்னையில் எடுத்த ஊமைப்படங்கள் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. பிற்காலத்தில் திரைப்படக் கலைஞர்களுக்கு அவர் பெயரால் தமிழ்நாடு அரசு விருது ஏற்படுத்தியது. தேகபலத்தால் கிடைத்த பெயர், கலைத் தொண்டினால் நிலைத்துவிட்டது.